பொடிக் கெண்டைக்குத் தூண்டில் கட்டும் முறை

பெங்களூரு ஏரிக்கரைகளில் தூண்டில் போடுபவர்களுக்கு ரோகு, கட்லா மேல்தான் கண். கரையோரம் மேயும் பொடிக் கெண்டையையும் வெளிச்சியையும் ஜிலேபிக் குஞ்சையும் யாரும் சட்டை செய்வதில்லை. பெரிய மீனுக்குக் கட்டிய தூண்டிலில் இவை இரையை மட்டும் கொறித்துவிட்டுப் போய்விடும். வாய் அவ்வளவு சின்னது.

முள் 20ஆம் நம்பர் இருக்கட்டும். நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும். கடைக்காரர் 10ஐ நீட்டி 'இதுதான் பொடிசு' என்பார், வாங்காதீர்கள். இந்த அளவில் பெரும்பாலும் காது (நரம்பைக் கோக்கும் துளை) இருக்காது, தண்டின் நுனி தட்டையாக இருக்கும். 0.10 மி.மீ. தங்கூஸை, அதாவது நைலான் நரம்பை, தண்டோடு சேர்த்து ஏழெட்டுச் சுற்று சுற்றி, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இழுத்தால் உரசல் சூட்டில் முடிச்சு பலமிழந்து, முதல் மீனுக்கே அறும். முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள்.

கம்பு 8 அடி போதும், ரீல் வேண்டாம். தங்கூஸ் கம்பை விட ஒரு சாண் குறைவாக இருந்தால் மீன் நேரே கைக்கு வரும்.

வேலையெல்லாம் தக்கையில்தான். சோளத்தட்டையின் உள்சோற்றைத் தீக்குச்சி நீளத்துக்கு மெல்லிசாகச் சீவிக்கொள்ளுங்கள். வீட்டிலேயே பக்கெட் தண்ணீரில் மிதக்கவிட்டு, நுனி ஒரு நெல்மணி அளவு மட்டும் வெளியே நிற்கும்வரை பொடி ஈயத்தைச் சேருங்கள். அதற்கு மேல் தெரிந்தால் கெண்டை இழுப்பது உங்களுக்குத் தெரியாது. இழுக்கிறபோது கனம் தட்டினால் அதுவும் இரையைத் துப்பிவிடும். தக்கை முங்கும்வரை காத்திருக்காதீர்கள். நடுங்கினாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும், சற்று மேலெழும்பினாலும் கடிதான். மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். தோளோடு வீசினால் உதடு கிழியும்.

இரைக்கு மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, துளி பஞ்சைப் பிய்த்துக் கலந்தால் தண்ணீரில் கரையாது. கடுகளவு உருண்டை போதும். மண்புழு என்றால் நுனித் துண்டு. கெண்டைக்கு இரை தரைக்குச் சற்று மேலே. வெளிச்சிக்கு அரை அடி ஆழம், ஈயம் தக்கையை ஒட்டி.

பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காவிரிக்கரை ஊரான முத்தத்தி, காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. அங்கே தூண்டிலே எடுக்கக் கூடாது. சாக்கடை கலக்கும் ஏரி மீனைச் சமைக்க வேண்டாம். கையை நனைத்துக்கொண்டு கழற்றி, பிடித்த இடத்திலேயே விடுங்கள். ஜிலேபியை மட்டும் வேறு ஏரிக்குக் கொண்டுபோய்விடாதீர்கள், நாட்டுக் கெண்டைக்கு இடமே வைக்காது.