கடைவாய்ப் பல்தானே என்று விட்டால்

பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் அத்தை, கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிய பிறகு நாலு வருஷம் பல் டாக்டர் பக்கமே போகவில்லை. "சிரிச்சா வெளியே தெரியாதுடா" என்பார். தீபாவளி முறுக்கை உடைத்துக் காப்பியில் ஊறவைத்து அவர் சாப்பிட்டதைப் பார்த்துத்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பல் இருந்த இடத்தில் எலும்பு மெலிந்திருந்தது. பின்பல் இடைவெளிப் பக்கம் சாய்ந்திருந்தது; மேல்பல் கீழே இறங்கியிருந்தது.

இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் ஸ்குரூ பதித்து அதன் மேல் செயற்கைப் பல் வைக்கும் விஷயத்தில், முதல் தவறே இந்தத் தள்ளிப்போடல்தான். வேர் போய்விட்டால் தாடை எலும்புக்கு வேலை இல்லை, கரைய ஆரம்பிக்கும். முதல் வருஷத்தில்தான் அதிகம் கரையும். சீக்கிரம் போயிருந்தால் ஸ்குரூவோடு முடிந்திருக்கலாம். எலும்புத்தூள் வைத்து அது சேரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

இதற்கு நேரெதிர் தவறு, அவசரம். 'ஒரே நாளில் பல்' என்ற போர்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்குரூ செய்யும் டைட்டானியம் என்ற உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதைக் கண்டுகொண்டவர் சுவீடனின் பிரோனமார்க். 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்த ஒட்டுதலுக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். மேல்தாடை எலும்பு மிருது என்பதால் அங்கே கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். சிலருக்கு அன்றைக்கே பல் மாட்டுவதுண்டு, ஆனால் அது பெரும்பாலும் தற்காலிகப் பல். அதை நம்பி தட்டையைக் கடிக்கக் கூடாது.

அப்புறம், மறைப்பது. சுகர், சிகரெட் இரண்டையும் டாக்டரே கேட்பார். எலும்புத் தேய்மானத்துக்கு வருஷம் ஒருமுறை போட்டுக்கொண்ட ஊசியை அத்தை சொல்லவே இல்லை. "அது முதுகுக்குப் போட்டது, பல்லுக்கு என்ன சம்பந்தம்?" சம்பந்தம் உண்டு. அந்த வகை மருந்து எடுப்பவர்களில் சிலருக்குத் தாடையில் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்; மருந்துச்சீட்டை அப்படியே நீட்டுங்கள்.

விலை கேட்கும்போது ஸ்குரூ, அதன் மேல் வரும் இணைப்பு, கேப், ஸ்கேன் எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். கம்பெனிப் பெயரும் லாட் நம்பரும் உள்ள ஸ்டிக்கரைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். பெங்களூரில் வேலைக்காக வந்து நாளை ஊர் மாறுகிறவர்கள்தானே பாதிப்பேர்? வேறு ஊரில் ஸ்குரூ தளர்ந்தால், எந்தக் கம்பெனி என்று தெரியாமல் அங்குள்ள டாக்டர் திண்டாடுவார்.

செயற்கைப் பல் சொத்தையாகாது, சரி. ஈறு கெடும். இயற்கைப் பல்லைச் சுற்றி இருக்கும் சவ்வு இதற்கு இல்லை, அதனால் உள்ளே எலும்பு கரைந்தாலும் பல சமயம் வலிக்காது. தேய்க்கும்போது ரத்தம் வந்தால் உடனே காட்டுங்கள். இடுக்கில் நுழையும் சின்ன பிரஷ்ஷால் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

அத்தையின் சின்ன பிரஷ் இப்போது கண்ணாடி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முறுக்கை மட்டும் இன்னும் காப்பியில்தான் நனைக்கிறார். கேட்டால், பழகிப்போச்சாம்.