எந்த மதிப்பு ஒருவரைப் போராட்டத்துக்கு அழைத்துவருகிறது? நாடுகளை ஒப்பிட ஒரு வழி

முதலில் உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-ல் முன்வைத்த 10 அடிப்படை மதிப்புகளை, அதாவது வாழ்க்கையில் எது முக்கியம் என்று ஒருவர் நினைப்பவற்றை, எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு, மரபு போன்றவை ஒரு பக்கம், சுயசிந்தனை, புதுமை நாட்டம் போன்றவை எதிர்ப்பக்கம்.

“சமத்துவம் முக்கியமா?” என்று நேராகக் கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். 2002-ல் தொடங்கிய ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பு, எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்று நினைக்கும் ஒருவரை இரண்டு வரியில் விவரித்து, அவர் எந்த அளவுக்கு உங்களைப் போன்றவர் என்று கேட்கும். இப்படி 21 சொற்சித்திரங்கள். சிலர் எல்லாவற்றுக்கும் ‘அப்படியே என்னைப் போல’ என்று டிக் அடிப்பார்கள், அதனால் ஒவ்வொருவருடைய சராசரியையும் அவருடைய மதிப்பெண்களிலிருந்து கழித்துவிடுங்கள்.

அப்புறம் செயலைக் கேளுங்கள்: கடந்த 12 மாதங்களில் மனுவில் கையெழுத்துப் போட்டீர்களா, ஏதாவது பொருளைப் புறக்கணித்தீர்களா, ஊர்வலம் போனீர்களா? எந்த மதிப்பை முக்கியமாக நினைப்பவர்கள் இவற்றை அதிகம் செய்கிறார்கள் என்று நாடு நாடாக எண்ணிப் பாருங்கள்.

சரி, இனிதான் கவனம் வேண்டும். ஊர்வலம் போனால் சிறை என்கிற நாட்டில் வீட்டோடு இருப்பவருக்கு நியாய உணர்வு குறைவு என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள், அது அவருக்குச் செய்யும் அநியாயம். மனதில் இருப்பது செயலாக மாறச் சுதந்திரம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு நாட்டின் எண்ணுக்குப் பக்கத்திலும், அங்கே மனுவில் பெயர் எழுதினால் என்ன நடக்கும் என்பதையும் குறித்துவையுங்கள்.