முக்கோணக் கல்லைப் பிடியில் பதிக்கும் முறை

பெங்களூரு நகர்த்பேட்டைப் பட்டறைகளில் கல் பதிக்கப் பழகுகிறவர்கள், வட்டக் கல்லில் கை நன்றாகப் படிந்த பின்னரே முக்கோணக் கல்லைத் தொடுவது நல்லது. வட்டக் கல்லில் அழுத்தம் சுற்றிலும் பரவிவிடும்; முக்கோணக் கல்லிலோ அது மூன்று மெல்லிய முனைகளைத் தேடிச் செல்லும். ஆகவே முனையை உலோகம் மூட வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. கல்லின் பாரத்தை முனையின் இருபுறமும் உள்ள பக்கங்களே தாங்க வேண்டும்.

இதற்கு ஏற்றது ஆங்கில வி எழுத்தின் வடிவிலான பிடி, அதாவது கல்லைக் கவ்வி நிற்கும் உலோக நகம். உருண்டைக் கம்பியை முனையின் மேல் மடக்கினால் அழுத்தம் முழுவதும் ஒரே புள்ளியில் விழும். தங்கத்தைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் 916, அதாவது 22 காரட், கேட்டு வற்புறுத்தினாலும், 18 காரட்டையே நான் பரிந்துரைப்பேன். 22 காரட் பிடி மென்மையானது, துணியில் மாட்டினாலே நிமிர்ந்துவிடும்.

முதலில் கல்லைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்து, முனைகளில் ஏற்கெனவே விரிசலோ சில்லோ இருக்கிறதா என்று சோதியுங்கள். மூன்று பக்கங்களையும் வெர்னியரால் அளந்தால் அவை பெரும்பாலும் சிறிதளவு வேறுபடும். எனவே எந்த முனை எந்தப் பிடிக்குரியது என்று மார்க்கரால் குறித்துக்கொண்டு, கடைசிவரை அதை மாற்றாதீர்கள். பற்றவைப்பு வேலைகள் அனைத்தும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வேலையின் உயிர்நாடி காடி (கல்லின் விளிம்பு அமரும் பள்ளம்) வெட்டுவதில் இருக்கிறது. கல்லின் விளிம்பு அமரும் உயரத்தை மூன்று பிடிகளிலும் ஒரே மட்டத்தில் கீறிக்கொண்டு, பிடியின் கனத்தில் பாதியைத் தாண்டாமல் உட்புறம் வெட்டுங்கள். காடியின் கீழ்ச்சரிவு கல்லின் அடிப்பட்டைகளின் சரிவோடு ஒத்துப்போக வேண்டும். பின்னர், வி வடிவத்தின் உள்மூலையில், முனை வந்து நிற்கும் இடத்தில், மிகச் சிறிய உருண்டைப் பர்ரால் (சுழலும் வெட்டுமுனையால்) ஒரு குழி எடுங்கள். கல்லை வைத்து லென்ஸில் பார்க்கும்போது பக்கங்கள் உலோகத்தில் படிந்தும், முனைக்கு முன்னால் மயிரிழை இடைவெளி தெரிந்தும் இருந்தால் காடி சரியாக அமைந்திருக்கிறது. கல் ஆடினால் அழுத்திச் சரிசெய்ய முயலாமல், வெளியே எடுத்து, இடிக்கும் இடத்தை மட்டும் சீவுங்கள்.

அடுத்து நகையை அரக்கில் உறுதியாகப் பதித்து, கல்லின் மேல்தட்டு சாயாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, பிடியைத் தள்ளத் தொடங்கலாம். ஒரு பிடியை முழுவதும் மடக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. மூன்றையும் சிறிது சிறிதாக, சுற்றுமுறையில், வியின் இரு கைகளிலும் மாறி மாறித் தள்ள வேண்டும். மூலையின் நேர் மேலே கருவி படக் கூடாது. புஷ்பராகம் (டோபாஸ்) போன்ற கல், மோஸ் கடின அளவில் 8 என்றாலும், ஒரு திசையில் எளிதில் பிளக்கும் இயல்புடையது. மரகதத்தில் இயற்கையான விரிசல்கள் அதிகம். இவற்றுக்குச் சுத்தியல் அறவே வேண்டாம்.

பிடியை அரத்தால் வடிவமைக்கும்போது, பல்லில்லாத பக்கம் கல்லை நோக்கி இருக்கட்டும். எமெரித்தாள் செவ்வந்திக்கல்லையும் மரகதத்தையும் கீறிவிடும். சிலிக்கன் கார்பைடு கலந்த ரப்பர் சக்கரம் நீலக்கல்லையும் விடாது. மெருகேற்றிய பின், மரகதத்தை அல்ட்ராசோனிக் தொட்டியில் இடாமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்தூரிகையால் கழுவுங்கள். இறுதியாக, நைலான் துணியைப் பிடிகளின் மேல் நாலா திசையிலும் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டும் இடத்தில் பிடி இன்னும் கல்லோடு படியவில்லை, அதை மட்டும் மீண்டும் அழுத்தி மழுக்க வேண்டும்.