கை ஆடட்டும், முன்குறியைப் பாருங்கள்

10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடும் போட்டியில், இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 11.5 மில்லிமீட்டர்தான். ஒற்றைக் கையில் பிடித்தால் ஆடத்தான் செய்யும். அதை நிறுத்தப் போராடியே முதல் வருடத்தைக் கழித்தேன்.

குழல் முனையில் நிற்கும் முன்குறி கூர்மையாகத் தெரியவேண்டும். இலக்கு மங்கலானால் சரி, அப்படித்தான் இருக்கவேண்டும். கறுப்பு வட்டத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை விட்டுக் குறி வையுங்கள்.

விசையை (டிரிகரை) இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தது 500 கிராம் இருக்கவேண்டும் என்பது விதி. அதைச் சீராக, நேர் பின்னோக்கி அழுத்துங்கள். 'இப்போ!' என்று வெடுக்கென இழுத்தால் குண்டு விலகிப் போகும். பிடி தளர்ந்தால் கையை இறக்கிவிடுங்கள். 60 குண்டுக்கு 75 நிமிடம் இருக்கிறதே!

அப்புறம், பிஸ்டல் காலிதானா என்று இருமுறை பார்த்துவிட்டு, வெற்றுச் சுவரை நோக்கித் தினமும் பழகுங்கள். விசை விழும் நொடியில் முன்குறி அசைந்தால் அங்கே பளிச்சென்று தெரியும்.