மாரிக்கு முன் தோட்டத்தில் நாம் விடும் பிழைகள்

“நல்லூர்த் திருவிழா முடியட்டும், பிறகு பார்ப்போம்.” எங்கள் சனசமூக நிலையத் தோட்டத்தில் ஆண்டுதோறும் விடுகிற முதல் பிழை இதுதான். கொடி இறங்கியதும் கொஞ்ச நாள் களைப்பு, அப்புறம் புரட்டாசிச் சனி, நவராத்திரி. நிமிர்ந்து பார்த்தால் ஐப்பசி மழை படலைக்கு வெளியே நிற்கும். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையிலேயே கொட்டிவிடும். அதற்குப் பிறகு மண்வெட்டி எடுத்தால் சேறுதான் அள்ளலாம்.

சொந்த வளவு என்றால் வாய்க்கால் எங்கே வெட்டுவது என்று ஒருவர் முடிவெடுப்பார். பொதுத் தோட்டத்தில் பன்னிரண்டு குடும்பம், பன்னிரண்டு வாய்க்கால். தன் பாத்தித் தண்ணீரைப் பக்கத்துப் பாத்திக்குள் தள்ளிவிட்டு ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருமுறை அப்படி எல்லாத் தண்ணீரும் மூலையில் நின்ற பப்பாசிகளிடம் போய்ச் சேர்ந்தது. பப்பாசி வேருக்கு இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே போதும், அழுகத் தொடங்கிவிடும். காய் பிடித்திருந்த நாலு மரமும் சரிந்தன. யாருடைய வாய்க்கால் என்ற கதை தைப்பொங்கல் வரை ஓடியது. முதல் மழைக்கே எல்லாரும் குடையோடு போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். சரிவைப் பார்த்து வெட்டினால் பொதுவாக ஒரே வாய்க்கால் போதும்.

அதற்காகத் தண்ணீரை நேரே றோட்டுக்கு வெட்டிவிடுவதும் சரியில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத ஊர் இது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கும் இந்த மழைதான் கோடையில் கிணற்றில் ஊறுகிறது. பயிர் இல்லாத பள்ளத்தில் குழி வெட்டி, வாய்க்காலை அங்கே கொண்டுபோய் விடலாம்.

அதே கிணற்றை நினைத்துத்தான், மழை இருட்டும்போது யூரியா வீசுகிறவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பயிர் எடுக்குமுன்னே மழை அதைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். நைத்திரேற்று என்ற உப்பாகக் கிணற்று வாளியில் திரும்பி வரும். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். கைக்குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீர் ஆபத்து. மழைக்கு முன் மண்ணுக்குப் போக வேண்டியது குழை: பூவரசு, சீமைக்கிளுவை, காவிளாய். வெட்டிப் பாத்திக்குள் தாழ்த்து மண்ணால் மூடினால் மாரி ஈரத்தில் உக்கிவிடும். பழைய பனையோலையும் தாழ்க்கலாம், அது உக்க நாள் பிடிக்கும். எங்கள் ஆட்களோ இந்த நேரம் பார்த்துத்தான் சருகு முழுவதையும் கூட்டிக் கொளுத்துவார்கள். பெயர் சிரமதானம்! மூடாக்கு இல்லாத மண்ணில் மழை அடித்தால் மேல்மண்ணும் வாய்க்காலோடு போய்விடும்.

மழைக்குள் சின்ன வெங்காயம் நட்டு நல்ல விலை பார்க்கலாம் என்று ஆசைப்பட வேண்டாம். திருகல் நோயும் அழுகலும் விதைக்காசையும் சேர்த்துத் தின்றுவிடும்.

காற்றை நாம் எப்போதும் மறந்துவிடுகிறோம். 2008 கார்த்திகையில் நிஷா புயல் கொட்டிய மழையைச் சொல்கிறவர்கள்கூட, குலை தள்ளிய வாழைக்கு முண்டு கொடுக்கமாட்டார்கள். காய்த்து ஓய்ந்த பாகல் பந்தலைப் பிரித்துவிடுங்கள். முருங்கையின் நீண்ட கொப்புகளையும் தறித்துவிடுங்கள். வேலி ஓட்டைகளுக்குக் கிளுவைக் கதியால் நட இதைவிட நல்ல காலம் இல்லை.

சிக்கனம் என்று நாற்று வைத்த சிரட்டை, வெட்டிய போத்தல், பழைய டயர் எல்லாம் மழை தொடங்கினால் நுளம்புப் பண்ணைதான். இங்கே டெங்கு ஏறுவதும் மாரியை ஒட்டித்தான். கவிழ்த்து வையுங்கள், அல்லது அடியில் துளை போடுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களும் போயின. எலி சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர் புண் வழியாகத் தொற்றும். வெறுங்காலோடு வாய்க்காலில் இறங்காமல் சப்பாத்து போடுங்கள். காலில் புண் உள்ளவருக்கு நாற்றுமேடை வேலையைக் கொடுங்கள்.