பிக்கப் வண்டி இழுக்கவில்லையா? இன்ஜெக்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

போன மாதம் திருவட்டார் பக்கமிருந்து மட்டி வாழைக்குலை ஏற்றும் ஒரு பிக்கப் என் பட்டறைக்கு வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசிக்கும். பிறகு திணறிக்கொண்டே நகரும். லோடு ஏற்றினால் ஏற்றத்தில் இரண்டாம் கியரை விட்டு மேலே போகாது. அதற்கு முன்பே வேறொரு இடத்தில் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கையும் மாற்றியிருந்தார்கள். குறை அப்படியே இருந்தது. நான் கண்டது, காற்றை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் மறைத்திருந்த இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கீறல். ஒரு ஹோஸ் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. குமரி மாவட்டம் தக்கலை அருகே 22 ஆண்டுகளாக டீசல் வண்டிகள் பார்க்கிறேன். அந்த ஓட்டுநரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பானட்டைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது மட்டும் திணறுகிறதா, ஓடும்போதும் இழுக்கவில்லையா? காலையில் மட்டுமா, சூடான பிறகா? காலி வண்டியில் சரியாக இருந்து, லோடு ஏற்றினால் மட்டும் மடங்குகிறதா? எந்த ரோட்டில், எந்தப் பக்கம் போகும்போது என்றும் கேளுங்கள். வள்ளியூரிலிருந்து திரும்பும்போது மட்டும் வண்டி இழுக்கவில்லை என்று ஆடி மாதத்தில் ஒருவர் வந்தார். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கே வரும் வண்டியை எதிரே நின்று தள்ளும். உயரமாகத் தார்ப்பாய் கட்டிய வண்டியில் அது நன்றாகவே தெரியும். அந்த வண்டியில் நான் எதையும் கழற்றவில்லை.

அடுத்து, குறை இன்ஜினில்தானா என்று உறுதிப்படுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவை இரண்டும் இல்லையென்றால் புகையைப் பாருங்கள். டீசல் இன்ஜின் தன் நோயைப் புகையில்தான் முதலில் சொல்லும். வண்டி இழுக்காமல் கரும்புகை தள்ளினால், பெரும்பாலும் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. புகையே இல்லாமல் சக்தி மட்டும் குறைந்தால், டீசல் வருவது குறைகிறது அல்லது வண்டியின் கம்ப்யூட்டரே சக்தியைக் கட்டுப்படுத்துகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் டீசல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது.

கரும்புகை என்றால் ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். செங்கல் சூளைக்கும் குவாரிக்கும் போகும் வண்டிகளில் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை அது தாங்காது. பிறகு டர்போவிலிருந்து இன்ஜின் வரையுள்ள ஒவ்வொரு ஹோஸையும் விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து ஓரிடத்தில் மட்டும் கறுப்பாகப் படிந்திருந்தால் கிளாம்பைத் தளர்த்திப் பாருங்கள். இந்தக் கீறல்கள் நின்ற வண்டியில் மூடிக்கொண்டிருக்கும். டர்போ அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, உதவிக்கு ஒருவரை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னால் குமிழி வரலாம். வராவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், ஹோஸைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். லோடில் மிதிக்கும்போது புஸ் என்ற சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

குறைந்த ஆர்.பி.எம்.மில் மட்டும் கரும்புகையோடு திணறி, வேகம் பிடித்ததும் சரியாகிவிட்டால், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நிற்கிறதா என்று பாருங்கள். கழற்றிச் சுத்தம் செய்யலாம். தகடு வைத்து அடைத்துவிடச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. அதை நான் செய்வதில்லை. புகைச் சட்டத்துக்கும் அது பொருந்தாது, பல வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் எரியும்.

புகை இல்லாத குறையில் முதல் சந்தேகம் டீசல் ஃபில்டர். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபர், நவம்பரிலும் மழை. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் தண்ணீர் இறங்கும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும்.

ஃபில்டர் புதிது, தண்ணீரும் இல்லை, ஆனாலும் காலையில் நெடுநேரம் சுற்றித்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் டீசல் லைனில் காற்று நுழைகிறது. விடியுமுன் கிளம்ப வேண்டிய தோவாளைப் பூ வண்டி ஒன்றில் இதைக் கண்டேன். பம்பு டீசலை உறிஞ்சும் பகுதியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்துங்கள். குமிழிகள் கண்ணுக்கே தெரியும்.

முட்டத்திலும் குளச்சலிலும் மீன் ஏற்றும் வண்டிகளுக்கு இன்னொரு சோதனை கட்டாயம். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சேஸிஸ் வழியாக வயர்களில் இறங்குகிறது, கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. பேட்டரி எர்த் வயரையும் சென்சார் கனெக்டர்களையும் கழற்றிப் பாருங்கள். பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் வண்டி ஒரு நேரம் இழுக்கும், ஒரு நேரம் இழுக்காது. குறையை எண்ணாகக் காட்டும் ஸ்கேனர்கூடச் சில நாள் எதையும் காட்டாது.

ஸ்கேனர் காட்டும் எண்ணைப் பொருளின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை என்றுதான் பொருள். டர்போ கெட்டது என்றல்ல, கிழிந்த ஹோஸும் அதே எண்ணைத்தான் தரும். பி0087 என்றால், இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் ‘ரயில்’ என்ற பொதுக் குழாயில் அழுத்தம் குறைவு. அடைத்த ஃபில்டரும் அதற்குக் காரணமாகலாம். பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் பலவற்றுக்குப் புகைபோக்கியில் கரி வடிகட்டியும் உண்டு. சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரமே ஓடினால் அது அடைத்து வண்டியை மந்தமாக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் இன்ஜெக்டர். அதையும் மாற்றும் முன் ரிட்டர்னை, அதாவது இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசலை, அளந்து பாருங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் தனித்தனிக் குழாய் செருகி, ஒரே அளவுள்ள நான்கு குப்பிகளில் விட்டு, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சில நிமிடங்கள் ஐடிலில் ஓடவிடுங்கள். மற்றவற்றைவிட ஒரு குப்பி மட்டும் வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது. ஒன்றில் எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது ரயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய் நட்டை எக்காரணம் கொண்டும் தளர்த்தாதீர்கள், கசிகிறதா என்று விரலாலும் தேடாதீர்கள். லோடில் அங்கே அழுத்தம் ஆயிரம் பார் (அழுத்த அலகு) தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வேலை முடிந்ததும் காலி வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். குறை வந்த அதே சுமையோடு, அதே ஏற்றத்தில், அதே கியரில் ஓட்டுங்கள். மட்டிக் குலை வண்டியை அப்படித்தான் அனுப்பினேன்; மறுநாள் முழு லோடோடு மார்த்தாண்டம் மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறியதாக அதன் ஓட்டுநர் போனில் சொன்ன பிறகே கணக்கை முடித்தேன்.