ஊரே கேட்ட குரல் ஊர்ச் சொத்தா?

பாம்பனில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், சாயங்காலம் கரையில் நின்று காற்றைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு நிமிடம் பேசிப் போடுவார். "வாடை இன்னும் விடலை, கடல் கலங்கிக் கிடக்கு, நாளைக்கு வள்ளம் இறக்க வேணாம்" என்பது மாதிரி. ஒருநாள் அதே குரல் ஒரு யூடியூப் சேனலில் பின்னணி இசையோடும் லோகோவோடும் வந்தது. கேட்டால், "குரூப்ல வந்ததுதானேண்ணே" என்றார்கள்.

இதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பலர் பார்க்கும்படி போட்டதால் ஒன்று பொதுச் சொத்தாகிவிடாது. வாடை வீசுகிறது என்ற செய்தி யாருக்கும் சொந்தமில்லை. அதை உங்கள் வார்த்தையில் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அவர் சொன்ன விதமும் அந்தக் குரல் பதிவும் அவருடையவை.

"அரசாங்கத்துல பதிவு பண்ணி வச்சிருக்காரா?" என்று அடுத்த கேள்வி வரும். இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் மொழிப் பழக்கம். பதிப்புரிமையையும் காப்புரிமை என்றே சொல்லிவிடுகிறோம். புதிய கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்து வாங்குவது காப்புரிமை. அதன் ஆயுள் 20 ஆண்டு. தான் படைத்த எழுத்து, படம், பேச்சுப் பதிவு மேல் ஒருவருக்கு இருப்பது பதிப்புரிமை. இதற்கு விண்ணப்பமே வேண்டாம். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதிய உடனே, படம் எடுத்த உடனே அது வந்துவிடுகிறது. எழுத்துக்கு ஆசிரியர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும். யூடியூபிலோ ஃபேஸ்புக்கிலோ ஏற்றினாலும் உரிமை கைமாறுவதில்லை. அந்த நிறுவனத்துக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் போகிறது.

"நன்றி: வாட்ஸ்அப்" என்று போட்டால் சரியாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. வாட்ஸ்அப்பா பேசியது? பேசியவர் பெயரையே போட்டாலும், பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. விமர்சிக்கவோ நடப்புச் செய்தி சொல்லவோ நியாயமான அளவு எடுத்தாள சட்டம் இடம் தருகிறது. முழுதாக அள்ளிக்கொண்டு போவதற்கு அது உதவாது.

அடுத்தது இதைவிட ஆபத்தானது. இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போகும் நாட்களில் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றும். பெயர், வயது, படகு எண் வரைக்கும் சரி. அதோடு ஆதார் அட்டைப் படமும் மனைவியின் போன் நம்பரும் வந்தால்? நல்லெண்ணத்தில் போட்டதுதான். ஆனால் புருஷன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் தவிக்கிற வீட்டுக்கு, "காசு அனுப்புங்க, வெளியே எடுக்கிறோம்" என்று எவனும் கூப்பிட அது போதும். அதிகாரிகளுக்கும் சங்கத்துக்கும் நம்பரைத் தனியாக அனுப்பலாம். குழுவுக்குப் பெயரும் படகு எண்ணும் போதும். இங்கே இன்னொரு நுணுக்கம்: 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவில் போட்டுவைத்த தன் விவரங்களுக்குப் பொருந்தாது. நம் நம்பரை நாமே ஊரறியப் போட்டால் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

"நான் எடுத்த படம், நான் போடுறேன்" என்பவர்களுக்கும் ஒன்று. பாம்பன் பாலத்தை யாரும் படம் எடுக்கலாம். கடல்பாசி எடுத்துவிட்டு ஈரத் துணியோடு கரையேறும் பெண்கள் பாலம் அல்ல. அந்தப் படத்தின் பதிப்புரிமை உங்களுடையதாக இருக்கலாம், முகம் அவர்களுடையது. 1994-இல், நம் தமிழ்நாட்டுக் கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது பற்றிய வழக்கில், ஒருவரின் அந்தரங்க வாழ்வைப் பற்றி அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும், என்றது உச்ச நீதிமன்றம். பொது ஆவணங்களில் உள்ளதற்கு விலக்கு உண்டு. கடற்கரை பொது இடம்தானே என்று சட்டம் பேசலாம். கேட்டுவிட்டு எடுப்பதில் என்ன குறைந்துவிடும்?

அப்புறம், அந்த அண்ணன் யூடியூபுக்குப் புகார் கொடுத்தார், வீடியோ போய்விட்டது. இப்போதெல்லாம் பேச்சின் நடுவில் தன் படகின் பெயரைச் சொல்லிவிடுகிறார். "எங்க வெட்டுனாலும் மாட்டுவாங்கல்ல தம்பி" என்கிறார்.